முதலில் தண்ணீர், அடுத்தது காற்று, கடைசியில் சூடு: ஒன்ராறியோ வீட்டைக் குளிருக்கு ஆயத்தம் செய்தல்

கனடாவின் தென் ஒன்ராறியோவில் குளிர் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. 2019இல் நவம்பர் 11ஆம் திகதியே ரொறன்ரோவில் ஸ்னோ கொட்டியது. தொடர்ந்த நாள்கள் ஜனவரி போலக் குளிர்ந்தன. இப்படிக் குளிர் முந்தி வந்தால் பலரும் முதலில் செய்வது தெர்மோஸ்ரற்றை இரண்டு பாகை ஏற்றுவது. ஆனால் வீட்டுக்குப் பெரிய செலவு வைப்பவை வேறு: குழாயில் நின்றுபோன தண்ணீர், கூரைக்குள் ஏறும் ஈரக்காற்று, கூரை ஓரத்தில் மழைநீர் ஏந்தும், இலை அடைத்த பீலி. சூட்டைக் கூட்டினால் இவற்றில் ஒன்றும் தீராது. இரண்டாவது இன்னும் மோசமாகும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெப்பநிலைக் கெடு உண்டு. ஜன்னல் ஓரத்து இடைவெளியை அடைக்கப் பூசும் பசையான அக்ரிலிக் கோக்கிங் 5 பாகைக்குக் கீழே சரியாக ஒட்டாது; காய்வதற்குள் உறைந்தால் வெடித்து உதிரும். சிலிக்கன் வகை குளிரைத் தாங்கும், ஆனால் பூசும் இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், மேலே பெயின்ற்றும் பிடிக்காது. தோட்டத்து ஹோஸைக் கழற்றக் கெடு முதல் உறைபனி. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸைத் திருத்துபவரைக் கூப்பிடச் சரியான மாதம் செப்ரெம்பர். முதல் குளிர் விழுந்த கிழமையில் ஊரே கூப்பிடும். ஆகவே குளிர் மூன்று கிழமை முந்தினால் செய்ய வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கும், வரிசைதான் குலையும். கோக்கிங்கை வசந்தத்துக்குத் தள்ளலாம். முற்றத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் வெளிப்பைப்பைத் தள்ள முடியாது.

வெளிப்பைப்

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. ஆனால் குழாய் வெடிப்பது பெரும்பாலும் ஐஸ் கட்டிய இடத்திலேயே அல்ல. வளரும் ஐஸுக்கும் மூடிக்கிடக்கும் பைப்புக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் நெரிபடுகிறது. அந்த அழுத்தத்தை எந்த இடம் தாங்கவில்லையோ அங்கே செம்பு கிழிகிறது. பைப்பைத் திறந்து வைத்தால் குழாய் தப்புவது இதனால்தான்.

முற்றத்துப் பைப்புக்கு நேர் உள்ளே, பேஸ்மென்ற் கூரையில் மரச்சட்டங்களுக்கு நடுவே, அதற்கென்று ஒரு உள்வால்வு இருக்கும். பேஸ்மென்ற்றுக்குக் கூரை அடித்திருந்தால் சிறிய சதுர மூடி ஒன்றைத் தேடுங்கள். முதலில் வெளியே ஹோஸைக் கழற்ற வேண்டும். பிறகு உள்வால்வை மூட வேண்டும்: நெம்புகோல் பிடி என்றால் கால் திருப்பு, வட்டப் பிடி என்றால் இறுகும்வரை பல திருப்பு. வெளியே போய்ப் பைப்பை முழுதாகத் திறந்து தண்ணீரை ஓட விட வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்வால்வின் பக்கவாட்டில், சட்டைப் பொத்தான் அளவில், சொரசொரப்பான விளிம்போடு ஒரு பித்தளை மூடி இருக்கும். வால்வுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது அதுதான். கீழே ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு அதை மெல்லத் திருகினால் காற்று உள்ளே போகும், மிச்சத் தண்ணீர் வடியும். மூடிக்குள் சின்ன ரப்பர் வொஷர் இருக்கிறது, அது வாளிக்குள் விழுந்து தொலையாமல் பாருங்கள்.

பத்து நிமிடம் கழித்தும் அந்தத் துவாரத்தில் சொட்டு நிற்கவில்லை என்றால் உள்வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். வால்வுக்குள் இருக்கும் வொஷர் தேய்ந்திருக்கும். இதை அலட்சியம் செய்தால் குளிர்காலம் முழுவதும் சொட்டுச் சொட்டாக வந்து குழாய்க்குள் ஐஸ் வளரும். வொஷரையோ வால்வையோ மாற்றியே ஆக வேண்டும். பிடியின் தண்டிலிருந்து கசிந்தால் அது வேறு சங்கதி: தண்டைச் சுற்றியிருக்கும் நட்டைக் கால் திருப்பு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். எல்லாம் முடிந்தபின் பித்தளை மூடியைப் பூட்டி, வெளிப்பைப்பைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

புதிய வீடுகளில் உறைபனி தாங்கும் பைப் இருக்கலாம். அதன் தண்டு 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம். வெளியே பிடியைத் திருப்பினாலும் தண்ணீரை மறிக்கும் இடம் சுவருக்கு உள்ளே, சூடான பக்கத்தில் இருக்கிறது. மூடியதும் குழலில் மிஞ்சும் தண்ணீர் தானாக வெளியே வடிய வேண்டும். ஹோஸை மாட்டியே விட்டால், அதிலும் நுனியில் தெளிப்பான் மூடியிருந்தால், வடிய வழியில்லை. குழல் சுவருக்குள் வெடிக்கும். குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்தக் குழலில் தண்ணீர் வருவது பைப்பைத் திறக்கும்போதுதான். மே மாதம் திறந்தால் பாதித் தண்ணீர் சுவருக்குள் போகும். வசந்தத்தில் முதன்முறை திறக்கும்போது பெருவிரலால் வாயை அழுத்திப் பாருங்கள். நல்ல பைப்பானால் அழுத்தம் விரலைத் தள்ளும். விரலாலேயே லேசாக அடைக்க முடிந்தால் தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது, உடனே மூடிவிடுங்கள்.

வீட்டுக்குள் உறையக்கூடிய குழாய்கள் மூன்று இடங்களில் இருக்கும்: வெளிச்சுவரோரம் உள்ள குசினி சிங்க், கராஜுக்கு மேலே உள்ள குளியலறை, முன்வாசல் படிக்குக் கீழே வெங்காயமும் அரிசியும் வைக்கிற குளிர் அறை. கடுங்குளிர் இரவுகளில் சிங்க் அலுமாரிக் கதவைத் திறந்து வைப்பதும், பைப்பை ஊசி நூல் அளவு ஒழுக விடுவதும் வேலை செய்யும். உறைந்துவிட்டால் பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பைப் முனையிலிருந்து தொடங்கி உறைந்த பக்கம் நோக்கி ஹெயர் ட்ரையரால் சூடு காட்ட வேண்டும். நடுவில் தொடங்கினால் உருகிய தண்ணீரும் ஆவியும் போக இடமிராது. தீச்சுவாலையைக் கிட்டக் கொண்டு போகக்கூடாது. சுவருக்குள் காய்ந்த மரம் இருக்கிறது.

பீலி

இங்கேதான் கெடுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பீலியைக் கடைசி இலை விழுந்தபின் துப்புரவாக்க வேண்டும். நோர்வே மேப்பிள் போன்ற மரங்கள் நவம்பர் வரை இலையைப் பிடித்து வைத்திருக்கும். பீலியில் தண்ணீர் விட்டு ஓட்டம் பார்க்க ஹோஸ் வேண்டும். ஹோஸோ அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தீர்வு எளிது: வெளிப்பைப்பை நேரத்தோடு மூடிவிடுங்கள், பீலிக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும். ஒரு முனையில் ஊற்றி, இறக்கக் குழாயின் அடியில் அதே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். தயங்கி வந்தால் முழங்கை வளைவில் இலை அடைத்திருக்கும். அங்கே தேங்கும் தண்ணீர் உறைந்து தகரத்தின் மூட்டைப் பிளக்கும்.

இறக்கக் குழாயின் வாய் அத்திவாரத்திலிருந்து 2 மீற்றர் அளவுக்காவது தள்ளித் தண்ணீரைக் கொட்ட வேண்டும், ஆனால் நடைபாதை மேல் அல்ல. பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறையும் தண்ணீரில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

காற்று எங்கே ஒழுகுகிறது

குளிர்காலத்தில் வீடு முழுவதும் ஒரு புகைக்கூண்டு போல இயங்குகிறது. சூடான காற்று மேலேறி, கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடமான அற்றிக் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று பேஸ்மென்ற் பக்கம் உள்ளே வரும். வரவேற்பறையில் கால் சில்லிடுகிறது என்றால் ஓட்டை மேல்மாடிக் கூரையிலும் இருக்கலாம். ஜன்னலுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். வெளியே காற்றடிக்கும் நாளில், ஃபேர்னஸை நிறுத்தி, எல்லா ஜன்னலையும் பூட்டி, குசினி, குளியலறை விசிறிகளை ஓட விடுங்கள். அவை வீட்டுக் காற்றை வெளியே இழுப்பதால் ஓட்டைகளில் குளிர்காற்று பலமாக உள்ளே வரும். புகை மறியும் இடமெல்லாம் ஒழுகும் இடம். காஸ் அடுப்பு, காஸ் வோட்டர் ஹீற்றர் இருந்தால் இந்தச் சோதனையை ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். தேட வேண்டிய இடங்கள்: அற்றிக் மூடியின் விளிம்பு, வெளிச்சுவரில் உள்ள மின் சொக்கற்றுகள், தளப்பலகைக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோடு, கேபிளும் குழாயும் சுவரைத் துளைக்கும் இடங்கள். பேஸ்மென்ற்றில் கொங்கிறீற் சுவர் முடிந்து மரம் தொடங்கும் விளிம்பை எல்லாவற்றுக்கும் முதல் பாருங்கள். பழைய வீடுகளில் அந்த விளிம்பில் மஞ்சள் ஃபைபர்கிளாஸ் பஞ்சைச் செருகி வைத்திருப்பார்கள். பஞ்சு சூட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. கறுத்துப்போன பஞ்சு என்றால் அதனூடாக வருடக்கணக்காகக் காற்று போய்வந்து அழுக்கை வடித்திருக்கிறது என்று அர்த்தம்.

6 மில்லிமீற்றர் வரையான வெடிப்புக்குக் கோக்கிங். அதற்கு மேலென்றால் முதலில் நுரைக் கயிறு ஒன்றை உள்ளே அழுத்தி, அதன்மேல் பூசுங்கள். வெறும் கோக்கிங்கை ஆழமான பள்ளத்தில் நிரப்பினால் காயும்போது சுருங்கி ஓரம் விட்டுவிடும். கதவின் அடிக்கு ரப்பர் நாக்கு உள்ள பட்டை, மூன்று பக்கச் சட்டத்துக்கு ஒட்டுப்பட்டை. பட்டை ஒட்டியபின் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் பட்டை மெல்லிசு. மின் சொக்கற்றின் மூடிக்குப் பின்னால் வைக்க நுரைத் தகடு விற்கிறார்கள், பிரேக்கரை நிறுத்திவிட்டு வையுங்கள். அற்றிக் மூடிக்கு விளிம்பில் ஒட்டுப்பட்டையும் முதுகில் தடித்த நுரைப்பலகையும்.

அடைக்கக்கூடாத ஓட்டைகளும் உண்டு. செங்கல் சுவரின் கீழ்வரிசையில் சில செங்கற்களுக்கு நடுவே சாந்து இல்லாமல் நிலைக்குத்தாக இடைவெளி விட்டிருப்பார்கள். செங்கலுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர் வெளியேற விட்ட வழி அது. கொத்தன் மறந்துவிட்டான் என்று நினைத்து அதை அடைத்தவர்கள் உண்டு. கூரைத் தாழ்வாரத்தின் அடியில் உள்ள சல்லடைத் துவாரங்களும், ஃபேர்னஸ் அறைக்குள் வெளிக்காற்றுக் கொண்டுவரும் குழாயும் இதே வகை. குளிர் வருகிறது என்று துணி திணிக்கக்கூடாது.

அற்றிக்கில் காப்புப் பொருள் போதுமா என்பது அளவுகோல் ஒன்றால் தெரியும். சூட்டைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் எண்ணில் இப்போது இலக்காகச் சொல்லப்படுவது ஆர்-60. ஊதிப் போடும் செலுலோஸ் அங்குலத்துக்கு ஆர்-3.6 அளவு தரும், ஆகவே 17 அங்குலத் தடிப்பு வேண்டும். ஆனால் பஞ்சைக் கொட்டுவதற்கு முன் காற்று ஒழுகும் இடங்களை அடைக்க வேண்டும். கொட்டியபின் அவற்றைத் தேட முடியாது. கூரை விளிம்பில் தடித்த ஐஸ் அணை கட்டுகிற வீடுகளில் பழி பீலியின் மேல் போகிறது. உண்மையில் வீட்டுச் சூடு அற்றிக்குக்குள் ஒழுகிக் கூரையின் மேற்பாகத்து ஸ்னோவை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் உறைகிறது. அதற்குப் பின்னால் வருகிற தண்ணீர் ஓட்டுத்தகடுகளுக்கு அடியில் ஏறுகிறது.

புட்டு, இடியப்பம், ஜன்னல் வியர்வை

மைனஸ் 10 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று தாங்கக்கூடிய ஈரம் இரண்டேகால் கிராம் அளவு. 21 பாகையில் அதே காற்று 18 கிராம் தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடானால் அதன் ஈரப்பதன் 12 சதவீதத்தை ஒட்டி விழுகிறது. உதடு வெடிப்பதும் கதவுப்பிடியில் மின்பொறி தட்டுவதும் இதனால். ஆகவே ஈரம் ஊட்டும் கருவி வேண்டும் என்பது பொது ஆலோசனை. நம்மவர் வீடுகளில் நிலைமை பெரும்பாலும் நேரெதிர். நாள்தோறும் சோறு வடிப்பதும், புட்டும் இடியப்பமும் அவிப்பதும், பேஸ்மென்ற்றில் கொடி கட்டி உடுப்புக் காய விடுவதும் சேர்ந்தால் வீடு ஏற்கெனவே ஈரமாக இருக்கும். 20 டொலருக்குள் ஒரு ஈரமானி வாங்கி இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

21 பாகை அறையில் ஈரப்பதன் 50 சதவீதம் என்றால், 10 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். 40 என்றால் 7 பாகை. 30 என்றால் 3 பாகை. கடுங்குளிர் இரவில் இரட்டைக் கண்ணாடியின் கீழ்விளிம்பு சுலபமாக அந்த அளவுக்குக் குளிரும். ஆகவே வெளியே மைனஸ் 10க்குக் கீழே போனால் உள்ளே 30ஐ ஒட்டி வைப்பது நல்லது. மைனஸ் 20 ஆனால் இன்னும் குறைவாக. ஃபேர்னஸோடு இணைந்த ஈரமூட்டி இருந்தால் அதன் பிடியைக் குளிர் கூடக் கூடக் குறைக்க வேண்டும். பலர் மாறாகச் செய்கிறார்கள்.

குசினி விசிறி உண்மையில் வெளியேற்றுகிறதா என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே பூட்டிய மைக்ரோவேவ்களில் பல, காற்றைக் கரி வடியினூடாக விட்டு மறுபடி முகத்திலேயே ஊதுகின்றன. மணம் குறையும், ஈரம் ஒரு சொட்டும் போகாது. விசிறியைப் போட்டுவிட்டு வெளிச்சுவரில் உள்ள தகட்டு மூடி அசைகிறதா என்று பாருங்கள். குளியலறை விசிறிக்கு ஒரு துண்டு ரொய்லெற் தாள்: ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குளித்தபின் 20, 30 நிமிடம் ஓட விடுங்கள். அந்த விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அற்றிக்கில் முடிந்திருந்தால், ஈரம் முழுக்கக் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். பிறகு இளஞ்சூடான ஒரு நாளில் உருகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டுக் காசைக் கொட்டுவது அப்போதுதான்.

கண்ணாடியின் அறைப்பக்கத்தில் வியர்த்தால் வீட்டில் ஈரம் கூட. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் புகைந்தால் முத்திரை விட்டுப்போயிற்று. அதற்குக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம், முழு ஜன்னலையும் மாற்ற வேண்டியதில்லை. தடித்த திரையை இறுக்கி மூடினால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து இன்னும் வியர்க்கும். பேஸ்மென்ற்றில் குடியிருப்போர் மெத்தையை நிலத்தில் நேரே போடுவதையும் அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைப்பதையும் தவிர்க்க வேண்டும்; கைப்பிடி அளவு இடைவெளி விட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

ஃபேர்னஸ்

குளிர் காலத்தில் ஃபேர்னஸ் நின்றது என்று கூப்பிடும் அழைப்புகளில் அடிக்கடி காண்பது அடைத்துப்போன ஃபில்ரர். காற்றோட்டம் குறைந்தால் வெப்பம் ஏற்றும் தகடு மிஞ்சிச் சூடாகும். பாதுகாப்புச் சுவிச் காஸை நிறுத்தும். விசிறி மட்டும் ஓடும். ஆறியதும் மறுபடி பற்றும். வீடு சூடேறாது, பில் ஏறும். 1 அங்குல ஃபில்ரரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 4 அங்குலம் ஆறு மாதம் தாங்கும். விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபேர்னஸை நோக்கி இருக்க வேண்டும். பொரியல், தாளிதம் உள்ள வீட்டில் எண்ணெய்ப் பசை சேர்ந்து வேகமாக அடைக்கும். மிக நுண்ணிய ஃபில்ரரை மெல்லிய 1 அங்குலத்தில் வாங்கினால் அதுவே காற்றை மறிக்கும். ஃபில்ரரின் நுண்மையைச் சொல்லும் மேர்வ் எண் 8 முதல் 11 வரை போதும்.

பற்றியதும் சில நொடியில் அணைந்தால் சுவாலை உணரியில் படலம் படிந்திருக்கும், திருத்துபவருக்கு அது சின்ன வேலை. ஃபேர்னஸின் மின்பலகையில் ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டும். எத்தனை தடவை என்று எண்ணிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிய அட்டவணையோடு பொருத்தினால் என்ன கோளாறு என்று தெரியும். ஆளைக் கூப்பிடும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். புதிய ஃபேர்னஸ்கள் வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்களால் பக்கச் சுவரூடாக மூச்சு விடுகின்றன. ஸ்னோ குவிந்து அந்த வாய் அடைத்தால் ஃபேர்னஸ் தானாக நின்றுவிடும், ஆகவே ஸ்னோ அள்ளும்போது அந்தக் குழாய்ப் பக்கம் தள்ளாதீர்கள். ஆள் பாவிக்காத அறைகளின் காற்றுத் துவாரத்தை மூடினால் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது வீண். ஃபேர்னஸ் மூச்சுத் திணறும், அந்த அறைச் சுவர் வியர்க்கும்.

காஸ் வேலைக்கு, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவுள்ளவரையே அழையுங்கள். அழைக்காமல் கதவைத் தட்டி ஃபேர்னஸ் மாற்ற ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் முதல் தடை. வாடகைக்கு இருப்போருக்கு வீட்டுக்காரர் குறைந்தது 20 பாகை கொடுக்க வேண்டும் என்பது மாகாண விதி. ரொறன்ரோ நகரில் 21.

மணமில்லாத நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டைக் கண்டறியும் அலாரம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஹோக்கின்ஸ்-கின்யாக் என்று பெயர்; 2008இல் வூட்ஸ்ரொக்கில் அடைபட்ட புகைபோக்கியால் ஒரு குடும்பத்தில் நால்வர் இறந்ததை நினைவில் வைத்து இடப்பட்டது. படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் கட்டாயம். வாங்கி மாட்டுவதோடு முடிவதில்லை: உள்ளே உள்ள உணரி வகையைப் பொறுத்து 7 முதல் 10 ஆண்டில் செத்துவிடும், பொத்தானை அழுத்தினால் அப்போதும் சத்தம் போடும். கழற்றிப் பின்னால் அச்சிட்ட திகதியைப் பாருங்கள். காலையில் காரை கராஜுக்குள் ஓட விட்டுச் சூடேற்றுவதை, கதவு திறந்திருந்தாலும், செய்ய வேண்டாம்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள்

மார்கழி, தையில் யாழ்ப்பாணமோ சென்னையோ போய் மூன்று நான்கு கிழமை நிற்பவர்கள் முதலில் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். குளிர்காலத்தில் சில நாள்களுக்கு மேல், பலவற்றில் நான்கு நாள், வீடு ஆளில்லாமல் இருந்தால் யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து வடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். இல்லையென்றால் குழாய் வெடித்த நட்டத்தைத் தரமாட்டார்கள்.

வடிப்பது அரை மணி வேலை. முன்சுவரோரம் தண்ணீர் மீற்றருக்கு அருகில் உள்ள பிரதான வால்வை மூடுங்கள். பழைய வால்வானால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மூடித் திறந்து பாருங்கள், இறுகிப்போய் இருக்கலாம். மேல்மாடிப் பைப்புகளைத் திறங்கள், காற்று உள்ளே போகும். பிறகு பேஸ்மென்ற்றில் ஆகக் கீழேயுள்ள பைப்பைத் திறந்து ஓட விடுங்கள். ரொய்லெற்றுகளை ஒருமுறை அமுக்கித் தொட்டியைக் காலியாக்குங்கள். வோட்டர் ஹீற்றரை விடுமுறை நிலைக்கு மாற்றுங்கள். தெர்மோஸ்ரற்றை 15 பாகைக்குக் கீழே இறக்க வேண்டாம், ஃபில்ரர் புதிதாக இருக்கட்டும். ஃபேர்னஸில் ஈரமூட்டி இருந்தால் அதன் தண்ணீரையும் நிறுத்துங்கள். பிரதான வால்வில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, வீட்டுத் திறப்பை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டாரை ஒருமுறை கீழே கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.